நூலில் கட்டிய பென்சில்

என் தையல் பெட்டியில், பொத்தான்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவில், இரண்டு அங்குல நீளத்தில் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கிறது. அதன் தலைப்பக்கம் கத்தியால் கீறிய பள்ளம். பள்ளத்தைச் சுற்றி அறுந்துபோன வெள்ளை நூல். பேரப்பிள்ளைகள் எத்தனையோ முறை எடுத்துச் சீவப் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கத்திவிடுவேன். "கிழவிக்கு இன்னா கீதோ அதுல" என்று என் மருமகள் சமையல்கட்டில் முணுமுணுப்பாள். பென்சிலுக்குள் இருப்பது பயம். இத்தனை வயதில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அதற்கும் காரணம் இந்தப் பென்சில்தான்.

எழுபதுகளில் ஒரகடம் கூட்டுச் சாலையிலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. டூரிங் டாக்கீஸ். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. கொட்டகைக்கு ஆண்டுதோறும் கீற்று வேய்ந்து கொடுத்தவர் என் அப்பா. அந்தப் பழக்கத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பெண்கள் பக்கம் இடத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும், அதை அடக்க ஒரு வாயாடி வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தாராம். என் வாயைப் பற்றி அப்போதே ஊரில் நல்ல பெயர்.

ஒரு முறை முதலாளி பட்டணத்துக்குச் சொல்லி அனுப்பிய படம் ஒன்று, வந்து இறங்கிய படம் வேறொன்று. 'நல்ல போலீஸ் படமாக ஒன்று' என்று கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் இங்கிலீஷ் படம். அடுத்த பெட்டி வர ஒரு வாரம் ஆகும். கொட்டகையைச் சும்மா போட முடியாது. ஓட்டிப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான ஒரு போலீஸ்காரன், திருட்டுப்போன வெள்ளிப் பெட்டி ஒன்றைத் தேடிக் கப்பலேறி ஏதோ அயல்தேசத்துக்குப் போகிறான். இறங்கின உடனேயே அவன் துணிமூட்டை தொலைந்துபோகிறது. படம் முழுக்க யாரோ ஒரு குட்டையனிடம் வாங்கிய கால்சட்டையோடு, கணுக்கால் தெரிய ஓடி ஓடி அடிக்கிறான். அந்த தேசத்துப் பாஷை அவனுக்குத் தெரியாது. எதிரில் வருகிறவர்களை எல்லாம் சட்டையைப் பிடித்து ஏதோ கேட்பான். அவர்களுக்குப் புரியாது. புரியவில்லை என்று தெரிந்ததும் அறைவான். சிரிப்புப் படம்தான். ஆனால் பேச்சு புரியாவிட்டால் எங்கள் ஜனம் எத்தனை நேரம் சிரிக்கும்?

முதலாளிக்கு எங்கள் உபதேசியாரின் ஞாபகம் வந்தது. எங்கள் மாதா கோயிலில் மந்திரம் கற்றுக்கொடுப்பது, ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாவற்றுக்கும் பெயர், ஊர் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அப்போது எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரச் சாமியார். அவருக்குத் தமிழ் ஏறவே இல்லை. அவர் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சொல்ல, பக்கத்தில் நின்று உபதேசியார் ஒரு வாக்கியம் தமிழில் சொல்வார். அதே மாதிரி படத்துக்கும் மைக் பிடித்து விளக்கம் சொன்னால் என்ன? சாமியார் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டார். உபதேசியார்தான் நடுங்கினார். அவரைப் போலப் பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. நாய் குரைத்தால் குடையை விரித்து அதற்குப் பின்னால் ஒளிவார். மின்னல் வெட்டினால் நடுப் பிரசங்கத்தில் சிலுவை போட்டுக்கொள்வார்.

முதல் நாள் அவர் கோயில் தமிழில் ஆரம்பித்தார். "அப்பொழுது அந்தச் சேவகன் அவனை நோக்கி, நீ அந்தப் பேழையைக் கண்டாயோ என்று வினவினான்." தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர் எழுந்து, "உபதேசியாரே, ஜெபம் போதும், கதைய சொல்லுய்யா!" என்றார். கொட்டகையே சிரித்தது. உபதேசியாருக்கு வியர்த்துவிட்டது. திரையில் ஒட்டடைக்குச்சி ஒரு மூட்டைதூக்கியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். போலீஸ்காரன் பேசுகிற பேச்சாக அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பதற்றத்தில் அது வாயில் வந்துவிட்டது. "பேரு சொல்லு, ஊரு சொல்லு, அப்பால அழு!"

அது எங்கள் வட்டாரத்துச் சப்-இன்ஸ்பெக்டரின் வாசகம். சைக்கிளில் விளக்கில்லாமல் போனவன், இரண்டு பேர் ஏறிப்போனவன், எதுவுமே செய்யாமல் ஓரமாக நின்றவன், யாராக இருந்தாலும் அவர் முதலில் இதைத்தான் சொல்வார். நிதானமாக, பல் தெரியாமல், ஏறக்குறைய அன்பாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் அறை விழும். என் சித்தப்பாவுக்கு இடது காது அதோடு போனது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் எதுவும் பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது சொன்னது இந்த மூன்று துண்டு வார்த்தைகளைத்தான். இந்த வாசகம் கேட்டால் எங்கள் வீட்டில் குழந்தை அழுகையை நிறுத்திவிடும்.

அதை மைக்கில் கேட்டதும் முதலில் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வெடித்தது ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டார்கள். அடி வாங்கினவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அன்று படத்தில் இன்னும் மூன்று இடத்தில் ஒட்டடைக்குச்சி சட்டையைப் பிடித்தான். மூன்று இடத்திலும் உபதேசியார் அதையே சொன்னார். மறுநாள் வேறொன்று நடந்தது. எங்கள் கோயிலில் மாதா பிரார்த்தனை சொல்லும்போது அவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார். மறுபாதியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அரைத் தூக்கத்தில் இருந்தாலும் அவர் குரல் நின்ற இடத்தில் எங்கள் வாய் தானாகத் திறக்கும். சிறுவயதிலிருந்து பழகிய வாய். கொட்டகையிலும் அதுவே வந்துவிட்டது. அவர் "பேரு சொல்லு, ஊரு சொல்லு" என்று நிறுத்தியதும், எங்கள் கோயில் ஜனம் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து "அப்பால அழு!" என்று ஒரே குரலாகப் பதில் எழுந்தது. இரண்டு நாளில் மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். மண்ணூரிலிருந்தெல்லாம் ஜனம் வர ஆரம்பித்தது. படப்பைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பார்க்க அல்ல, பதில் சொல்ல வந்தார்கள்.

புதன்கிழமை மாலை ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். "நாளைக்கு ஆறரை ஆட்டத்துக்கு ஐயா வராரு. அம்மாவும் வராங்கோ. ரெண்டு நல்ல சேர் போட்டு வைங்க." அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்து வருகிறாரா, தெரியாமல் வருகிறாரா? கான்ஸ்டபிள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. முதலாளி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்ஜின் பழுது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தலாம் என்றார் என் அப்பா. "நிறுத்துனா அவருக்குத் தெரிஞ்சி பூடும்யா" என்றார் முதலாளி. உபதேசியார் ஒரு மூலையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் அந்த வார்த்தைய சொல்லலன்னா ஜனங்க எதுக்குப் பதில் சொல்லப்போறாங்க? நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை நான் சீக்கிரமே கொட்டகைக்குப் போனேன். டிக்கெட் கிழிக்கும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன். "யக்கா, இன்னிக்கு ஐயா வந்துகீறாரு. வாய மூடிக்கினு பாரு." "யம்மா, உன் புள்ள வாய நீதான் பொத்தணும், சொல்லிட்டேன்." குறைந்தது நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். சிலர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். உள்ளே வந்தவர்கள் கோயிலில் சவம் வைத்திருக்கும்போது உட்காருவது போல உட்கார்ந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அந்த வேட்டிதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. காக்கியில் அவரைப் பார்த்தால் எட்டத்திலேயே ஒதுங்கிக்கொள்ளலாம். வேட்டியில் அவர் யார் வீட்டு மாமாவோ போல இருந்தார். மனைவி பூ வைத்திருந்தார். முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு நாற்காலிகளில், பெண்கள் பக்கத் தடுப்புக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்தார்கள். வாசலைச் சாத்திவிட்டு நான் என் வழக்கமான இடத்தில், தடுப்போரமாக, அவருக்கு நாலு முழம் பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் இடம் வந்தது. மூட்டைதூக்கியின் சட்டை பிடிபட்டது. "நீ யார், எங்கே போகிறாய்?" என்றார் உபதேசியார், கோயில் தமிழில். அது போனது. இரண்டாவது இடம், ஓடக்காரன். அதுவும் போனது. மூன்றாவது, சந்தையில் மீன்காரி. அந்த மீன்காரிக்கு வழக்கம்போல மெல்லிய பெண் குரலில் உபதேசியார் பதில் பேசினார். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆமாம், சிரித்தார்! தோள் குலுங்கியது. கால்சட்டை கிழிகிற இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். அவர் சிரிக்கச் சிரிக்க, ஜனமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஒன்றும் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது, படம் முடிந்தால் போய்விடுவார்.

உபதேசியாருக்கும் அதே நிம்மதி வந்திருக்க வேண்டும். கடைசி இடம். மணிக்கூண்டின் உச்சியில் ஒட்டடைக்குச்சி திருடனைப் பிடித்துவிட்டான். படத்திலேயே சத்தம் எல்லாம் அடங்கிப்போகிற இடம் அது. ஆறு நாள் பழகிய வாய். "பேரு சொல்லு, ஊரு சொல்லு" என்று சொல்லி, திடுக்கிட்டு நிறுத்திவிட்டார்.

அவர் நிறுத்தினார். என் வாய் திறந்தது.

"அப்பால அழு."

ஒரே ஒரு குரல். பெண் குரல். என் குரல்தான் என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. நூறு பேருக்கு வாயை மூடு என்று சொன்ன வாய் இது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்தார்கள். அந்தப் புண்ணியத்தை அவர்கள் செய்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். கையில் டார்ச் இருந்தது. "யாரு?" என்றார், அதே நிதானத்தில். வெளிச்சம் பெண்கள் பக்கம் விழுந்தது. முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக, அவசரமே இல்லாமல் வந்தது. வெளிச்சம் பட்ட பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் மூன்று முகம். இரண்டு முகம். என் பாவாடை நனைந்துவிட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பேரு சொல்லு, ஊரு சொல்லு, அப்பால அழு!" என்றது மைக். சப்-இன்ஸ்பெக்டரின் குரலேதான். வெளிச்சம் என் பக்கத்து முகத்தில் நின்று, அங்கிருந்து திரும்பிப் பின்பக்கம் போனது. மைக்கைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் நின்றிருந்தார். "நாந்தாங்க ஐயா. அதுவும் நாந்தான். விளக்கஞ் சொல்றவன் ஆம்பள கொரலும் பேசணும், பொம்பள கொரலும் பேசணும்." சப்-இன்ஸ்பெக்டர் டார்ச்சை அவர் முகத்தை விட்டு எடுக்கவில்லை. "எங்க, பொம்பள கொரல்ல சொல்லு" என்றார். உபதேசியார் சொன்னார். மீன்காரிக்குப் பேசிய அதே மெல்லிய குரலில். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னார். யாருமே சிரிக்கவில்லை. நாய்க்குப் பயந்து குடையை விரிக்கிற மனிதர் அங்கே குடை இல்லாமல் நின்றிருந்தார்.

"நல்லா பேசறியே. காலைல ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து மீதிப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை உபதேசியார் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு நாலு மைல் நடந்து போனார். நான் கோயிலில் முழங்காலில் கிடந்தேன். எழுந்து ஓடி, 'அது நான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாலையில் சாமியாரும் என் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "அடிக்கல" என்றார் அப்பா. எனக்கு உயிர் வந்தது. "வாசல்ல ஒரு முக்காலி போட்டு உக்கார வெச்சிகீறாரு. புடிச்சி இட்டுக்கினு வர ஒவ்வொருத்தன்கிட்டயும் இவரு கேக்கணும். அந்தக் கொரல்ல. இவரு கேட்டு முடிச்சதும் கான்ஸ்டபிள் அறையிறான்." சாமியார் விடச்சொல்லிக் கேட்டதற்கு, "உங்க உபதேசியாரு நல்லா கேக்கறாரு சாமி, ரெண்டு நாளு இருக்கட்டும்" என்று சப்-இன்ஸ்பெக்டர் காபி வரவழைத்துக் கொடுத்தாராம்.

மூன்று நாள். மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஆளையே கொண்டுவந்தார்கள். விளக்கில்லாத சைக்கிள். அவன் பெயர் உபதேசியாருக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதியவரே அவர்தான். அவனிடமும் கேட்டார். அவன் அவரைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதாங்க ஐயா?" என்றானாம். பெயரைச் சொல்லவில்லை என்று அவனுக்கு இரண்டு அறை கூடுதலாக விழுந்தது.

அதற்குப் பிறகு உபதேசியார் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரு நோட்டையும் அதில் நூலால் கட்டிய சிவப்புப் பென்சிலையும் நகர்த்திவைப்பார். அவர்களே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். பிரசங்கம் மொழிபெயர்த்தார், மந்திரம் கற்றுக்கொடுத்தார், எல்லாம் பழையபடிதான். பிரார்த்தனையில் மட்டும் ஒரு மாற்றம். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தமாட்டார். எங்களோடு சேர்ந்து மறுபாதியையும் அவரே சொல்வார். வயசாகிவிட்டது, தடுமாறுகிறார் என்று ஊர் நினைத்தது.

இரண்டு வருஷம் கழித்து என் கலியாணத்துக்கு ஓலை எழுத வேண்டியிருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பதற்காகப் பெண், பிள்ளை பெயர் கொடுப்பது. அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். நோட்டை நகர்த்தினார். பென்சிலை எடுத்தேன். எழுத வரவில்லை. "ஐயா, அன்னிக்கு அந்தக் கொரலு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றார். "ஆறு நாளா வாசல்ல கத்திக்கினு இருந்த கொரலு. எனக்குத் தெரியாதா?"

"நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா உங்களுக்கு..."

"பதில் சொல்றவங்க மேல தப்பு இல்லம்மா. அது பழக்கம். நடுவுல நிறுத்துனவன் மேலதான் தப்பு. பயந்துகினு நிறுத்திட்டேன். நிறுத்துனா ஜனங்க தனியா மாட்டிக்குவாங்கன்னு அப்ப தெரில." நோட்டை என் பக்கம் நேராகத் திருப்பி வைத்தார். "உன்ன காப்பாத்துனதுல எனக்கு வருத்தம் இல்ல. அந்த மூணு நாளு வந்தவங்களதான்... முப்பத்தேழு பேரு. எல்லார் பேரும் ஞாபகம் கீது. அத ஒண்ணும் செய்ய முடில."

நான் எப்படி எழுதினேன், எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பென்சில் கையில் இருந்தது, அறுந்த நூலோடு. திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. அடுத்த ஞாயிறு நோட்டில் புதுப் பென்சில் கட்டியிருந்தது. பல வருஷம் கழித்து அவர் சாகும்போது நான் பிள்ளைகளோடு வேறு ஊரில் இருந்தேன். கல்லறையில் அவருடைய பெயரை யார் எழுதிக்கொடுத்தார்களோ, ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது.

போன மாதம் என் மகன் வேலை செய்கிற கம்பெனியில் குடும்ப விழா என்று எங்களைக் கூட்டிப்போனான். சுற்றுச்சுவர், கொடிக்கம்பம், வரிசையாகப் புதுக் கார்கள். சாலையின் திருப்பத்தையும் ஏரிக்கரையையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கார்கள் நிற்கிற இடம்தான் எங்கள் கொட்டகை. ஷிஃப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் அங்கே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் செக்யூரிட்டிப் பையன் ஒரு நோட்டை வைத்துக்கொண்டிருந்தான். தெற்கத்திப் பையன், நல்ல மரியாதை. நோட்டில் ஒரு பேனா, நூலில் கட்டியது.

"பேரு சொல்லுங்க பாட்டி, ஊரு சொல்லுங்க" என்றான்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். "இன்னாம்மா, பேருதான கேக்கறாரு" என்றான் மகன். நான் குனிந்து பேனாவை எடுத்தேன். "ஏன் பாட்டி, நான் எழுத மாட்டனா?" என்று பையன் சிரித்தான். நானே எழுதினேன், பெயர், ஊர், இரண்டும். எனக்குப் பின்னால், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவன் போலிருக்கிறது, ஒல்லியாக ஒருவன் பையோடு நின்றிருந்தான். செக்யூரிட்டிப் பையன் அவனிடம் திரும்பினான். "பேரு சொல்லு, ஊரு சொல்லு."

அவனுக்குப் பாஷை புரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றான். செக்யூரிட்டிப் பையனின் குரல் நின்ற இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மகனை விட்டுவிட்டு, கார்களுக்கு நடுவே வேகமாக நடந்தேன்.